மஞ்சக்குட்டை ஜன்னலும் ஒன்பது மரங்களும்

“மரம் மறைச்சுட்டு இருந்திருந்தா நீங்க எங்கூட்டுக்கு வந்திருப்பீங்களா, கண்ணு?”

ஏற்காட்டுக்குப் பக்கத்தில் மஞ்சக்குட்டையில் நாங்கள் தங்கிய வீட்டின் பிலோமினா அக்கா இப்படிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. எளிமையான கேள்விதான். ஆமாம், இல்லை என்று இரண்டில் ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அங்கேயும் சொல்லவில்லை, ஊர் திரும்பிய பிறகும் எனக்குப் பதில் தெரியவில்லை. எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்து உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அந்தப் பக்கம் போகாதவர்களுக்கு வழியும் செலவும் தெரிந்த மாதிரியும் இருக்கும்.

பொங்கல் முடிந்த வாரக்கடைசியில் கிளம்பினோம். நான், என் கணவர், இரண்டரை வயது மகள் யாழினி. அவளைக் கூட்டிக்கொண்டு நாங்கள் போகும் முதல் மலைப் பயணம். காய்ச்சல் மருந்து, வாந்தி மருந்து, தெர்மாமீட்டர், உப்புச் சர்க்கரைப் பொடி, இரண்டு ஸ்வெட்டர், காது மூடும் குல்லாய் என்று நான் அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து அவர், “மலைக்குப் போறோமா, மருந்துக்கடை வைக்கப் போறோமா?” என்றார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும். மலைப்பாதையும் நீளம். ஏற்காடு என்றால் சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். குழந்தை தாங்கும் என்று எண்ணினோம்.

தங்கும் இடத்தை அவர்தான் கைப்பேசியில் தேடினார். நூறு படங்களுக்கு மேல் பார்த்திருப்போம். ஒரே ஒரு படத்தில் இருவர் கண்ணும் நின்றது. சாதாரண மர ஜன்னல். அதற்கு வெளியே, கீழே, அடுக்கடுக்காக மலைகள். மலைகளுக்கு நடுவில் மேகம் படுத்திருந்தது. நாள் வாடகை ஆயிரத்து எண்ணூறு, சாப்பாடு தனி. வேறு எதையும் படிக்காமல் பணம் கட்டினோம். சுடுதண்ணீர் உண்டா என்றுகூட நான் கேட்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சேலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் புதிய பேருந்து நிலையம் போய், ஏழரை மணி வண்டியில் ஏறினோம். அடிவாரத்தில் வண்டி சற்று நேரம் நின்றது. டிரைவர் டீ குடித்தார், சிலர் மலைக்கு மேல் விலை அதிகம் என்று காய்கறி வாங்கினார்கள். அதற்குமேல் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது. ஏழாவது பலகையில் யாழினி என் புடவையில் வாந்தி எடுத்தாள்.

முன் இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்த அம்மா திரும்பி, “ஏனுங்க, புள்ளய ஜன்னலோரம் உக்கார வெச்சா இப்படித்தானுங்க ஆகும். நேரா ரோட்டப் பாக்கச் சொல்லுங்க” என்றார். பிறகு பையைத் துழாவி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அவள் மூக்கில் வைத்தார். “இத மோந்துக்க சாமி. கடிச்சுராத, கொழம்புக்கு வேணும்.”

ஒண்டிக்கடையில் இறங்கும்போது மணி ஒன்பது. ஏற்காட்டின் நடுச்சந்தி அது. கடைகள், பக்கத்தில் ஏரி, ஜீப்புகள். மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப்பில் ஆளுக்கு நாற்பது ரூபாய், மூட்டைக்குத் தனியாகக் கேட்கவில்லை. ஓட்டியவர் பெயர் முருகேசன். கூட்டம் எப்படி என்று என் கணவர் விசாரித்தார்.

“சனி ஞாயிறு ஏரியச் சுத்தி வண்டி நகராதுங்க. ஊட்டி, கொடைக்கானல்ல எல்லாம் பாஸ் கேக்கறதால பாதிப்பேரு இங்க வந்துர்றாங்க.”

“உங்களுக்கு நல்லதுதானே?”

“எனக்கு நொம்ப நல்லதுங்க. ரோட்டுக்கு நல்லதான்னு ரோட்டத்தான் கேக்கணும்.”

போகும் வழியில் நான் படித்துவைத்திருந்ததை எல்லாம் ஜன்னல் வழியாகச் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். சேர்வராயன் மலை என்பதுதான் வெள்ளைக்காரர் வாயில் ஷெவராய் ஆனது. மலையின் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர், கேரளத்துக்காரர்கள் அல்ல. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாக அவர்கள் சொல்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால் ஆஸ்திரேலியாவின் சில்வர் ஓக் மரம் பின்னால் வந்தது. வேலைக்குச் சமவெளியிலிருந்து குடும்பங்கள் வந்தன, அவர்களுக்காக மாதா கோயில்களும் பள்ளிகளும் வந்தன. இன்று மலைக்கே உரியவை போல நாம் பார்ப்பதில் பெரும்பாதி வெளியிலிருந்து வந்ததுதான். கடைசியாக வந்தவர்கள் நாங்கள், பெட்டியோடு.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலுக்குப் போனார். வெளியே ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணியை ஆணியடித்து மாட்டியது போலப் பனி. அதையும் ஒரு படம் எடுத்தார்.

பிலோமினா அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவர் கணவர் அந்தோணி அண்ணன் ஐந்தாறு வயது மூத்தவர். இருவரும் எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அக்கா காப்பிப் பழம் பறித்தவர், அண்ணன் நாற்றுப் பண்ணையிலும், நிழல்மரக் கிளைகளை வெட்டிவிடும் நிழல் கழிப்பதிலும் இருந்தவர். வேலையை விட்டபோது வந்த பணத்தில் ஒன்றரை ஏக்கர் வாங்கிக் காப்பி வைத்திருக்கிறார்கள். போன வருடம்தான் வீட்டோடு ஒட்டி இரண்டு அறை கட்டினார்கள். சுடுதண்ணீர் இருந்தது. விறகு அடுப்பில் காய்ச்சி வாளியில் கொண்டுவந்து வைத்தார் அக்கா. “புள்ளைக்கு இந்த வாளி, உங்களுக்கு அந்த வாளிங்க. மாத்திராதீங்க, அது கொதிக்குது.”

அன்று பகல் முழுவதும் பனி விலகவில்லை. யாழினி களத்தில் விளையாடினாள். பறித்த காப்பிப் பழத்தைக் காயப்போடும் சிமெண்ட் முற்றம் அது. சிவப்புப் பழங்களை அள்ளி அள்ளிக் கொட்டியவள் திடீரென்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். விஷமா என்று பார்க்கக் கைப்பேசியை எடுத்தேன், சிக்னல் இல்லை. நான் அவள் வாயில் விரலை விட்டதைப் பார்த்து அக்கா சிரித்தார். “உடுங்க கண்ணு. தோலு இனிப்பா இருக்கும், சப்பிட்டுக் கொட்டையத் துப்பிருவா. எம்மக எல்லாம் இதத் தின்னுதான் வளந்தா.” சொன்னபடியே துப்பினாள். இரவு வரை நான் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன்.

சனிக்கிழமை ஊர் சுற்றினோம். ஒரு ஜீப்புக்கு இரண்டாயிரம். சேர்வராயன் கோயில், மலையின் உச்சியில் உள்ள ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். என் கணவர் நிமிர்ந்து தலையில் இடித்துக்கொண்டார். கோயிலுக்கு வெளியே பரந்த புல்வெளி, காற்று. இந்த மலையில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அங்கே டிக்கெட் இல்லை, கம்பி வேலி இல்லை. அதனாலேயே கீழே சிதறிக் கிடந்த தட்டுகளையும் தண்ணீர் பாட்டில்களையும் எடுக்க ஆளும் இல்லை. ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. லேடிஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று நாங்களும் இன்னும் நூறு பேரும் பனியைப் பார்த்தோம். அருகில் ஒருவர் தன் மனைவியிடம், “இதுக்கு ஃப்ரிட்ஜத் தொறந்து பாத்திருக்கலாம்” என்றார்.

ஊருக்குள் கழிப்பறை தேடி அலைந்ததைத் தாய்மார்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். ஏரிக்கரையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதற்குமேல் போனால் உணவகங்களில்தான் கேட்க வேண்டும்.

மாலையில் மஞ்சக்குட்டை திரும்பியபோது பனி சற்று இளகியிருந்தது. அப்போதுதான் வீட்டுக்கு முன்னால் இருந்த சரிவைச் சரியாகப் பார்த்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே வரிசையாக மரங்களின் அடிக்கட்டைகள். எண்ணினேன், ஒன்பது. அவற்றைச் சுற்றியிருந்த காப்பிச் செடிகள் மஞ்சளாகி, பாதி இலையோடு நின்றன. அதற்குக் கீழ் அடுக்கில் மரங்கள் அப்படியே இருந்தன. அங்கே செடிகள் கரும்பச்சையாக இருந்தன. மஞ்சளும் பச்சையும் பிரியும் கோட்டைக் குழந்தைகூடக் காட்டியிருப்பாள்.

இரவுச் சாப்பாடு சோறு, பீன்ஸ் பொரியல், மிளகு ரசம். அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். மரங்கள் பட்டுப்போயினவா என்று அந்தோணி அண்ணனிடம் கேட்டேன்.

“இல்லீங்க. நல்ல மரம். வெட்டினதுங்க. எழுதிக் குடுத்து அனுமதி வாங்கித்தான் வெட்டுனோம்.”

“ஏன்?”

“எழுதிப் போட்டாங்கள்ளங்க.”

அறை திறந்த புதிதில் இரண்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் வந்து தங்கியிருக்கிறார்கள். போன பிறகு, நாங்கள் அறை பிடித்த அதே இணையப் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். சாப்பாடு அருமை, மனிதர்கள் நல்லவர்கள், ஆனால் மரங்கள் மறைப்பதால் ஜன்னலிலிருந்து எதுவும் தெரியவில்லை. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். உறவுக்காரர் ஒருவர் அதை அண்ணனுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்.

“எஸ்டேட்டுல அப்படித்தானுங்க பழக்கம்” என்றார் அண்ணன். “மேஸ்திரி வாயில சொன்னா மறந்துட்டேன்னு சொல்லிக்கலாம். ஆபீஸ்ல இருந்து ரைட்டர் எழுத்துல கொண்டாந்துட்டா அது ஆர்டர். எதுக்குன்னு கேக்கப்படாது, முடிச்சுட்டுத்தான் ஊட்டுக்கு வரணும். இதும் எழுத்துல வந்துச்சு. முடிச்சுப்போட்டேன்.”

“யாரோ ரெண்டு பசங்க, மீச கூட மொளைக்கல” என்றார் அக்கா, ரசத்தை ஊற்றிக்கொண்டே. “அவங்க எழுதினாங்கன்னு மனுசன் கோடாலியத் தூக்கிட்டாரு. கொழாயி சொட்டுதுன்னு நான் எத்தன வருசமாச் சொல்றேன். எழுதிக் குடுத்திருக்கோணும்போல.”

எல்லோரும் சிரித்தோம், அண்ணனும்தான். பிறகு அவர் சொன்னது சிரிக்கும்படி இல்லை. மரம் போனதும் வெயில் நேராக விழுந்தது. வெயில் பட்ட செடியின் தண்டைத் துளைக்க வண்டு வந்தது. அந்த மரங்களில் ஏற்றியிருந்த மிளகுக் கொடி மரத்தோடு போயிற்று. ஆனால் ஜன்னலைப் படம் எடுத்துப் போட்டதும் அறைகள் நிரம்ப ஆரம்பித்தன. நாங்கள் பார்த்தது அந்தப் படம்தான். இப்போது, அறைகளுக்கு ஆள் பிடித்துத் தரும் சேலத்துக்காரர் ஒருவர், கீழ் அடுக்கு மரங்களையும் எடுத்துவிட்டு இன்னும் மூன்று அறை கட்டினால் வருடம் முழுவதும் ஆள் அனுப்புகிறேன் என்கிறாராம்.

“வேண்டாம்னு சொல்லலாமே” என்றேன். சொன்ன வேகத்திலேயே எனக்கு அது பிடிக்கவில்லை.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். “எம்மக திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்குதுங்க. மாப்பிள்ளையும் அங்கதான். உங்க பாப்பாவ விடச் சின்னப் புள்ள ஒண்ணு இருக்குது, அதப் பக்கத்து ரூம்புக்காரங்ககிட்ட உட்டுட்டு வேலைக்குப் போவுது. இங்க அஞ்சு ரூம்பு ஓடுச்சுன்னா ரெண்டு பேரும் ஊட்டுக்கே வந்துருவாங்க. ரெண்டு ரூம்புக்கு வர மாட்டாங்க.”

“மழைக்கு மண்ண யாரு புடிச்சு வெப்பாங்க? ரூம்பா?” என்றார் அண்ணன்.

“காப்பி, மண்ணுன்னு இவரு பேசுவாரு. கூடைய இடுப்புல கட்டிட்டு நின்னவ நானு. பனியில பழம் பறிச்சு வெரலு மரத்துப்போனது எனக்கு. நெழலு அவருக்கு, பழம் எனக்கு.”

அண்ணன் தட்டிலேயே கை கழுவினார்.

அன்றிரவு யாழினி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அவளை யாரிடமும் விட மனம் வராமல் வேலையை விட்டவள் நான். வேலையை விட எனக்கு முடிந்தது. திருப்பூரில் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு முடியவில்லை. மரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது. சொல்லாமல் இருக்கவும் முடியுமா என்றும் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் என்னை எழுப்பினார். “சீக்கிரம் வா.”

பனி விலகியிருந்தது. எவ்வளவு நேரம் விலகியிருக்குமோ தெரியாது என்று குழந்தையைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம், தயிர் உறைந்த மாதிரி அசையாமல். அதற்கு மேல் மலைகளின் தலைகள் மட்டும். கிழக்கே வெயில் பட்ட மலை செம்மண் நிறத்திலும், அதற்குப் பின்னால் நின்றது நீலத்திலும், கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத நிறத்திலும் இருந்தன. மேகத்தில் ஓர் ஓட்டை விழுந்தபோது வெகு கீழே சமவெளியில் ஒரு குளம் மின்னியது. “வானம் கீழ விழுந்துருச்சும்மா” என்றாள் யாழினி. சர்ச் மணி அடித்தது. நான் அழுதேன். குளிரால் என்று அவரிடம் சொன்னேன்.

இதை மறைத்து எழுதினால் கட்டுரை நேர்மையாக இருக்காது. அந்தப் பத்து நிமிடம் நான் பார்த்ததில் மிக அழகானது. ஒன்பது மரமும் நின்றிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

சுடுதண்ணீர் வாளியோடு வந்த பிலோமினா அக்கா எங்கள் பின்னால் நின்றிருந்தார். அப்போதுதான் கேட்டார், மரம் மறைத்திருந்தால் வந்திருப்பீர்களா என்று.

“பாப்பாவுக்கு உங்க வீடு ரொம்பப் பிடிச்சிருக்குங்க அக்கா” என்றேன்.

“அது சரி கண்ணு. வந்திருப்பீங்களா?”

நான் யாழினியின் போர்வையை இழுத்துவிட்டேன். என் கணவர் சொன்னார், “போட்டோ பாத்துத்தாங்க வந்தோம்.” அவர் பொய் சொல்ல மாட்டார். அதற்காக அவரிடம் நான் அன்று முழுவதும் கோபமாக இருந்தேன். காரணம் இன்றும் அவருக்குத் தெரியாது.

முருகேசனின் ஜீப் வந்தது. அந்தோணி அண்ணன் எங்கள் பெட்டியை மேலே ஏற்றிக் கயிறு கட்டினார். யாழினிக்கு ஒரு பை நிறையக் கமலா ஆரஞ்சு கொடுத்தார், காசு வாங்கவில்லை. அக்கா அவரிடம், “கேட்டீங்களா, போட்டோ பாத்துத்தான் வந்தாங்களாம்” என்றார்.

“வாயில சொன்னதெல்லாம் கணக்குல சேராது” என்றார் அவர், முடிச்சை இறுக்கிக்கொண்டே. பிறகு என்னைப் பார்த்து, “போயி எழுதிப் போடுங்க சாமி. படிச்சவங்க, நல்லா யோசிச்சு எழுதுவீங்க. நீங்க என்ன எழுதறீங்களோ அதும்படி பண்ணிக்கறோம். எனக்கும் இவளுக்கும் சண்ட தீரும்” என்றார். கேலி செய்கிறாரா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். இல்லை.

இறங்கும்போது இருபது வளைவுகளிலும் குழந்தை தூங்கினாள். நான்தான் தலைசுற்றி உட்கார்ந்திருந்தேன். வரும்போது காடாகத் தெரிந்தவை எல்லாம் இப்போது வேறாகத் தெரிந்தன. ஒவ்வொரு புதிய விடுதியின் கண்ணாடி ஜன்னலுக்கும் முன்னால் எத்தனை மரம் நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இந்த மலைக்கு ஆள் வருவது நல்லதுதான் என்று நினைக்கிறேன். காப்பியை மட்டும் நம்பியிருக்கச் சொல்ல நாம் யார். நிழலில் நடந்து, களத்தில் உட்கார்ந்து, பழம் பறிப்பதைப் பார்த்துவிட்டுப் போக ஆட்கள் வந்தால் மரமும் நிற்கும், அறையும் ஓடும். ஜீப்பில் என் கணவரிடம் இதைச் சொன்னேன். “நிழலப் போட்டோ எடுத்துப் போட்டா நீயே புக் பண்ணுவியா?” என்று கேட்டார்.

சென்னையில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவரும் அதில் இறங்கும் கழிவுநீர்க் குழாயும்தான். இரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் யாழினிக்குச் சோறு ஊட்டவும் என் காப்பியைக் குடிக்கவும் செய்கிறேன். இதைப் பற்றி நாங்கள் யாருக்கும் குறை எழுதியதில்லை. இரண்டு நாள் தங்கப்போன இடத்தில் மட்டும் மலை தெரிய வேண்டியிருந்தது.

உங்கள் அனுபவம் எப்படி இருந்தது என்று அந்த இணையப் பக்கத்திலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டார்கள். ஐந்து நட்சத்திரமும், கீழே எழுதுவதற்கு ஒரு கட்டமும் இருக்கின்றன. ஜன்னல் காட்சி அற்புதம் என்று எழுதி அழித்தேன். அது உண்மை, ஆனால் கீழ் அடுக்கு மரங்கள் போய்விடும். மரங்களை விட்டுவையுங்கள் என்று எழுதி அழித்தேன். அதுவும் உண்மை, ஆனால் மூன்று அறை வராது, திருப்பூரில் அந்தக் குழந்தை இன்னும் எத்தனை வருடம் பக்கத்து அறையில் இருக்குமோ. சாப்பாட்டைப் பற்றி மட்டும் எழுதினால் தப்பித்துவிடலாம். அப்போது சேலத்துக்காரர் எழுதிக் கொடுப்பதுதான் கடைசி ஆர்டராகிவிடும்.

இதைப் படிப்பவர்களில் தோட்டம் வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள். வீட்டில் விருந்தினர்களைத் தங்கவைத்துப் பிழைப்பவர்கள் இருப்பீர்கள். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிற அம்மாக்கள் நிச்சயம் இருப்பீர்கள். அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுத வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள். மாசி பிறந்ததும் மரம் வெட்ட ஆள் வரச் சொல்லியிருப்பதாகக் கிளம்பும்போது அக்கா சொன்னார், அதற்கு முன்பே சொன்னால் உதவியாக இருக்கும். ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்வதை நான் எழுதுவேன். எழுதியதை அந்தோணி அண்ணன் அப்படியே செய்துவிடுவார்.